மேக் மினியா, ஹேக்கின்டாஷா? கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கு, மேக்கில் ஓடும் ஃபைனல் கட் ப்ரோ வேண்டும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவருக்கு, தான் எழுதிய ஐபோன் ஆப்பை ஆப் ஸ்டோரில் ஏற்ற, மேக்கில் மட்டும் ஓடும் எக்ஸ்கோடு வேண்டும். ஓசூரில் டிசைன் வேலை பார்ப்பவருக்கு, பெங்களூர் பார்ட்டி அனுப்பும் மேக் ஃபைல்களை அப்படியே திறக்க வேண்டும். மூன்று பேரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ஆப்பிள் பெட்டிக்குக் காசு கொட்டாமல், அசெம்பிள்டு டெஸ்க்டாப்பிலேயே மேக்ஓஎஸ் ஓட்டிக்கொள்ள முடியுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டிலோ ஆபீஸிலோ எட்டு முதல் பத்தாம் தலைமுறை வரையிலான இன்டெல் பெட்டி சும்மா கிடந்தால், ஹேக்கின்டாஷ் (சாதாரண பிசியில் மேக்ஓஎஸ் ஏற்றுவது) முயற்சி செய்து பார்க்கலாம். அதற்கென்றே புதிதாகப் பாகங்கள் வாங்குவது இன்றைய தேதியில் வீண்செலவு. பிழைப்பு அதை நம்பி நடக்கிறது என்றால் ஆப்பிளின் சின்ன டெஸ்க்டாப்பான மேக் மினி. எப்போதாவது ஆப் ஏற்றுவது மட்டுமே வேலை என்றால் மேக்கே வாங்க வேண்டாம்.

எத்தனை வருடம் ஓடும்?

விலையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். 2020 நவம்பரில் எம்1 சிப்போடு ஆப்பிள் இன்டெல்லை விட்டு விலக ஆரம்பித்தது. 2025 ஜூனில், மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அறிவித்துவிட்டது. அதன்பின் மூன்று வருடம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். டஹோ வெளிவந்தது 2025 செப்டம்பரில். ஆக, 2028 வாக்கில் கடை அடைப்பு.

ஹேக்கின்டாஷ் என்பது இன்டெல் மேக்குக்காக ஆப்பிள் எழுதியதைச் சாதாரண பிசியில் ஓட்டும் வேலை. எம் வரிசைச் சிப்புக்கான மேக்ஓஎஸ்ஸை வேறு எந்தப் பெட்டியிலும் இப்படி ஏற்ற வழியில்லை. எனவே இன்றைக்குக் கட்டும் பெட்டி, கட்டும்போதே காலாவதித் தேதியோடுதான் வருகிறது.

டஹோவிலும் முழுச் சுகம் கிடையாது. அந்தப் பதிப்பில் ஆப்பிள் தன் பழைய ஆடியோ டிரைவரான ஆப்பிள்எச்டிஏவை நீக்கிவிட்டது. போர்டில் இருக்கும் ரியல்டெக் சவுண்டுக்கு உயிர் கொடுக்கும் ஆப்பிள்ஏஎல்சி என்ற ஹேக்கின்டாஷ் மென்பொருள் அதன்மேல்தான் நிற்கிறது. அது போனதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். சிஸ்டம் ஃபைல்களை பேட்ச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சின்ன யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று செருக வேண்டும். அதனால் இப்போதைக்கு ஹேக்கின்டாஷுக்குச் சரியான இடம் ஒரு படி கீழே உள்ள மேக்ஓஎஸ் 15 செக்வோயா. நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் பாதுகாப்பு அப்டேட் தருவது ஆப்பிளின் வழக்கம் என்பதால், செக்வோயாவை 2027 கடைசி வரை தள்ளலாம்.

ஆப் எழுதுபவர்களுக்கு இன்னும் நெருக்கடி. 2026 ஏப்ரல் முதல் ஆப் ஸ்டோரில் ஏற்றுவதை எக்ஸ்கோடு 26 அல்லது அதற்கு மேல் கொண்டுதான் கட்ட வேண்டும். எக்ஸ்கோடு 26 ஓட செக்வோயா 15.6 ஆவது இருக்க வேண்டும். இந்தக் கீழ்வரம்பு வருடா வருடம் ஏறும். இன்று வேலை செய்கிறது என்பதால் அடுத்த வருடம் படிப்பு முடியும்வரை தாங்கும் என்று எண்ணக் கூடாது.

சட்டப் பக்கம் சுருக்கமாக: மேக்ஓஎஸ் உரிமத்தில், ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டும் நிறுவலாம் என்று எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் மேக்ஓஎஸ் ஏற்றிய பிசிகளை விற்றது. 2009இல் ஆப்பிளிடம் வழக்கில் தோற்றது, 2011இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. வீட்டில் கற்றுக்கொள்ளச் செய்வது வேறு, ஜிஎஸ்டி பில் போடும் ஆபீஸில் இதை நம்பித் தொழில் நடத்துவது வேறு. ‘மேக் ஏற்றியே தருகிறோம்’ என்று விற்கும் பெட்டியை வாங்காமல் இருப்பது நல்லது. உள்ளே யாருடைய ஃபைல், யாருடைய சீரியல் எண் என்று தெரியாத இடத்தில் உங்கள் ஆப்பிள் ஐடியைப் போடுவது ஆபத்து.

பழைய ஆபீஸ் பெட்டியில் ஏற்றுவது

பெங்களூர் ஐடி கம்பெனிகள் லீஸ் முடிந்து கழிக்கும் டெஸ்க்டாப்புகள், அங்குள்ள எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்பி ரோடு வழியாக ஓசூர், கிருஷ்ணகிரி வரை வந்து சேருகின்றன. டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060, 5060, 7060 எட்டாம் தலைமுறை. 3070, 7070 ஒன்பது. 3080, 7080 பத்து. எச்பியில் எலைட்டெஸ்க் 800 ஜி4, ஜி5, ஜி6 அதே வரிசை. இவைதான் தோது. காரணம், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸ். டெஸ்க்டாப் பிராசஸர்களில் மேக்ஓஎஸ் அறிந்த கடைசி உள்கிராபிக்ஸ் இதுதான். பதினோராம் தலைமுறையின் யுஎச்டி 750, பன்னிரண்டு முதல் வரும் யுஎச்டி 770 இரண்டையும் அது ஏறிட்டும் பார்க்காது. மாடல் எண் கடைசியில் ‘எஃப்’ போட்ட பிராசஸரில் உள்கிராபிக்ஸே கிடையாது. விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

இந்தப் பெட்டிகளில் வழக்கமாகக் கழுத்தறுக்கும் விஷயங்கள் சில உண்டு. பழைய மானிட்டர்களில் உள்ள விஜிஏ வழியில் யுஎச்டி 630 மேக்ஓஎஸ்ஸில் படம் காட்டாது. டிஸ்ப்ளேபோர்ட் அல்லது எச்டிஎம்ஐ வேண்டும். ஆப்பிள் சின்னம் வரை வந்து திரை கறுத்துவிட்டால், பெட்டி செத்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை; முதலில் கேபிளையும், எந்த போர்ட்டில் படம் போக வேண்டும் என்று மேக்ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் ஃபிரேம்பஃபர் பேட்ச்சையும் பாருங்கள். அடுத்தது, டெல் பயாஸில் சிஎஃப்ஜி லாக் என்ற பிராசஸர் பூட்டை நிறுத்தும் வழியே இருக்காது. பிசியில் மேக்ஓஎஸ்ஸை பூட் செய்யும் மென்பொருளான ஓப்பன்கோரின் அமைப்பில் ஆப்பிள்எக்ஸ்சிபிஎம் சிஎஃப்ஜி லாக் என்பதை ஆன் செய்தால்தான் மேக்ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் ஏறும். கிராபிக்ஸுக்கு 64 எம்பி ஒதுக்கும் வசதியும் அந்த பயாஸில் இல்லாவிட்டால், ஸ்டோலன்மெம் பேட்ச் சேர்க்க வேண்டும். டெல் பெட்டி ‘ரெய்டு ஆன்’ என்ற அமைப்போடு வரும். ஏஎச்சிஐக்கு மாற்றாவிட்டால் இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியாது.

மெலிந்த எஸ்எஃப்எஃப் கேபினெட்டில் கிராபிக்ஸ் கார்டு போடும் ஆசையை விட்டுவிடலாம். எஸ்எம்பிஎஸ் 200 முதல் 260 வாட் வரைதான், தனிப் பவர் கேபிளும் இருக்காது. உயரம் குறைந்த ஆர்எக்ஸ் 560 கிடைத்தால் சரி. ஆர்எக்ஸ் 550 என்று கடையில் நீட்டுவதில் ‘லெக்சா’ சிப் கலந்து வரும். அதை மேக்ஓஎஸ் நேரடியாக ஏற்காது. அட்டைப்பெட்டியைப் பார்த்து எந்தச் சிப் என்று சொல்ல முடியாது, விண்டோஸில் போட்டு, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. சாம்சங் பிஎம்981, பிஎம்991 என்ற என்விஎம்இகள் பிராண்டட் பெட்டிகளில் சர்வசாதாரணம்; மேக்ஓஎஸ்ஸில் அவை நடுவழியில் கெர்னல் பேனிக் தரும், அதாவது சிஸ்டமே விழுந்துவிடும். லேபிளைப் படித்துவிட்டு மாற்றிவிடுங்கள். விண்டோஸும் வேண்டும் என்றால் அதற்குத் தனி எஸ்எஸ்டி. ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைத்தால், ஏதோ ஒரு விண்டோஸ் அப்டேட் பூட் வரிசையைக் கலைத்துவிட்டுப் போகும்.

நிறுவும் வேலை

பயாஸில் செக்யூர் பூட், ஃபாஸ்ட் பூட், சிஎஸ்எம் மூன்றையும் அணைக்க வேண்டும். விடி-டி அணைக்க வேண்டும், அல்லது ஓப்பன்கோரில் டிஸேபிள் ஐஓமேப்பர் போட வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அபோவ் 4ஜி டிகோடிங் ஆன். 16 ஜிபி பென்டிரைவை எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்து, ஓப்பன்கோர் பொதியில் வரும் மேக்ரெக்கவரி ஸ்கிரிப்ட்டால் ரெக்கவரி ஃபைலை இறக்கி வைக்க வேண்டும். கெக்ஸ்ட் எனப்படும் மேக்ஓஎஸ் டிரைவர்களில் லைலு, விர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்டெவர்கிரீன், ஆப்பிள்ஏஎல்சி நான்கும் எல்லோருக்கும் வேண்டும். நெட்வொர்க்குக்கு இன்டெல் சிப் என்றால் இன்டெல்மௌசி, ரியல்டெக் என்றால் 8111க்கு ஒன்று, 2.5 ஜிகாபிட் 8125க்கு வேறு ஒன்று. போர்டைப் பற்றி மேக்ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் எஸ்எஸ்டிடி என்ற சின்ன ஃபைல்களில், 300 வரிசைச் சிப்செட்டுக்குப் பிஎம்சி என்பது கூடுதலாக வேண்டும். அசூஸ் 400 வரிசை போர்டுக்கு ஆர்ஹப்.

ரெக்கவரி முறையில் பத்து ஜிபிக்கு மேல் இன்ஸ்டால் ஆகும்போதுதான் இறங்கும். ஈத்தர்நெட் கம்பி இருந்தால் இது பிரச்சினையே இல்லை. பாலக்கோடு, பென்னாகரம் பக்கக் கிராமத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான் கதி என்றால் சிக்கல்: ரெக்கவரியில் இன்டெல் வைஃபை தானாக எழாது, ஆண்ட்ராய்டு யுஎஸ்பி டெத்தரிங்கும் எடுக்காது. அந்த மாதிரி இடத்தில், மேக் வைத்திருக்கும் யாரிடமாவது முழு இன்ஸ்டாலரைப் பென்டிரைவில் எழுதி வாங்கிக்கொண்டு வருவதுதான் வழி.

பூட் ஆகும்போது எழுத்துகள் ஓடி ‘எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்’ என்ற வரியில் நின்றால், கோளாறு பயாஸ் அமைப்பிலோ, ஓப்பன்கோரில் பூட்டர் குவிர்க்குகள் என்ற அமைப்புகளிலோ. ‘வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்’ என்று நின்றால் யுஎஸ்பியிலோ சாட்டாவிலோ. பென்டிரைவை வேறு போர்ட்டில் குத்திப் பார்ப்பது முதல் வைத்தியம்.

பலர் பாதியில் விட்டுவிடும் வேலை யுஎஸ்பி மேப்பிங், அதாவது பெட்டியில் எந்தெந்த யுஎஸ்பி துளை உண்டு என்று மேக்ஓஎஸ்ஸுக்குப் பட்டியல் கொடுப்பது. மேக்ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்குப் பதினைந்து போர்ட்தான் எண்ணும். ஒரு யுஎஸ்பி 3 துளை இரண்டாகக் கணக்காகும். வரம்பைத் தளர்த்தும் பழைய குறுக்குவழி மேக்ஓஎஸ் 11.3க்குப் பிறகு சரியாக வேலை செய்வதில்லை. மேப் செய்யாமல் விட்டால் ஸ்லீப் போன பெட்டி எழுந்திருக்காது, புளூடூத் காணாமல் போகும். விண்டோஸில் யுஎஸ்பிடூல்பாக்ஸை ஓட்டி, ஒவ்வொரு துளையிலும் 2.0 பென்டிரைவ் ஒன்று, 3.0 பென்டிரைவ் ஒன்று குத்தி எடுத்து மேப் தயாரிக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்த பெட்டிக்கும் செய்யாத பெட்டிக்கும் தினசரி உபயோகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மேக் என்று காட்டிக்கொள்ளத் தேவையான சீரியல் எண்ணை ஜென்எஸ்எம்பயாஸ் என்ற ஸ்கிரிப்ட் உருவாக்கித் தரும். அதை ஆப்பிளின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பார்த்து, ‘இப்படி ஒரு எண் இல்லை’ என்று வந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். வேறொருவரின் உண்மையான மேக்கின் எண்ணாக இருந்துவிட்டால் ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டும் வம்பு. எந்த அப்டேட்டுக்கும் முன்னால் ஓப்பன்கோரையும் கெக்ஸ்ட்களையும் புதுப்பித்து, ஓப்பன்கோர் இருக்கும் பழைய இஎஃப்ஐ ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட வேண்டும். ‘அப்டேட் நவ்’ பொத்தானை யோசிக்காமல் அமுக்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்தப் பெட்டி ஒத்துவராது.

புதுசாகக் கட்டினால்?

கட்டத் துணிந்தவர்கள் தடுக்கி விழும் இடம் கிராபிக்ஸ் கார்டு. என்விடியா ஆர்டிஎக்ஸ் எதுவும் மேக்ஓஎஸ்ஸில் என்றுமே வேலை செய்ததில்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசை ஹை சியராவோடு நின்றுவிட்டது. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 570, 580, 5500 எக்ஸ்டி, 5700, 6600, 6800 ஓடும். 5000, 6000 வரிசைகளுக்குப் பூட் வாசகத்தில் ‘பிக்கேரா’ சேர்க்காவிட்டால் கறுப்புத் திரைதான். 6500 எக்ஸ்டி, 6400 ஓடாது. 6700 எக்ஸ்டி நேரடியாக ஓடாது. 7000 வரிசை அறவே இல்லை. எஸ்பி ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் 580களில் கிரிப்டோ மைனிங்கில் வறுபட்டவை நிறைய. வாங்கும் முன் அரை மணி நேரம், கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க்கை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஏஎம்டியின் ரைசன் பிராசஸரில் கெர்னல் பேட்ச் போட்டு ஓட்டலாம். ஆனால் டாக்கர், பேரலல்ஸ் போன்ற மெய்நிகராக்கம் எதுவும் நடக்காது, அடோபி மென்பொருள்களும் அவ்வப்போது முரண்டு பிடிக்கும். பன்னிரண்டாம் தலைமுறை ஐ5-12400ஐப் பத்தாம் தலைமுறை போலப் பொய் சொல்லி ஓட்ட முடியும். அதன் உள்கிராபிக்ஸை மேக்ஓஎஸ் ஏற்காததால் ஏஎம்டி கார்டு கட்டாயம். போர்டு, பிராசஸர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600, 500 வாட் எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று கூட்டிப் பாருங்கள். மேக் மினியின் விலையை எட்டிப்பிடிக்க வெகுதூரம் போக வேண்டியிருக்காது. கேம் விளையாடவோ விண்டோஸ் வேலைக்கோ அந்தப் பெட்டி எப்படியும் தேவை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

கல்யாண வீடியோகாரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சோனி ஏ7 4, கேனான் ஆர்6 போன்ற கேமராக்களில் 4:2:2 10-பிட் எச்.265 எடுத்தால், அதை ஹார்டுவேரில் பிரிக்க யுஎச்டி 630ஆலும் முடியாது, ஆர்எக்ஸ் 6600ஆலும் முடியாது. முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். தாலி கட்டும் காட்சியில் டைம்லைன் துண்டு துண்டாக நகரும். பிராக்ஸி எனப்படும் தரம் குறைத்த நகல் போட்டு எடிட் செய்யலாம், அதற்கு நேரமும் டிஸ்க்கும் வேண்டும். எம் வரிசைச் சிப்புகள் இந்த ஃபார்மட்டை நேரடியாகவே பிரிக்கின்றன. எம்4இல், ஆப்பிளின் எடிட்டிங் ஃபார்மட்டான புரோரெஸ்ஸுக்கென்று தனி என்ஜினும் உண்டு. ஆகவே ஃபைனல் கட் வேலைக்கு அடிமட்ட மேக் மினி, அதைவிடச் செலவு பிடித்த ஹேக்கின்டாஷை முந்திவிடும்.

மேக் மினி எம்4

2024 நவம்பரில் இந்தியாவில் ரூ. 59,900க்கு வந்தது, 16 ஜிபி மெமரி, 256 ஜிபி டிஸ்க். மாணவர், ஆசிரியர் விலை அப்போது ரூ. 49,900. வாங்கும் நாளில் விலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெமரியைப் பிறகு ஏற்ற முடியாது என்பதால் அதை மட்டும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். எக்ஸ்கோடு, ஃபைனல் கட் இரண்டுக்கும் 16 ஜிபி ஓரளவு போதும். டிஸ்க்குக்கு ஆப்பிளிடம் கூடுதல் காசு கொடுப்பது தேவையில்லாதது. பின்பக்கத் தண்டர்போல்ட் போர்ட்டில் வெளி என்விஎம்இ பெட்டியை மாட்டி, ஃபைனல் கட் லைப்ரரியை அதில் வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான யுஎஸ்பி துளை ஒன்றுகூட இதில் இல்லை, எல்லாம் டைப்-சி. பென்டிரைவ், பழைய பிரின்டர், டாங்கிளுக்கு ஒரு ஹப் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். பவர் பட்டன் அடிவயிற்றில் இருக்கிறது, அதை ஏன் அங்கே வைத்தார்களோ! சாதாரண 1080பி மானிட்டரில் எழுத்து மங்கலாகத் தெரியும். 2018இல் வந்த மொஹாவியிலிருந்து எழுத்தின் ஓரத்தைச் செதுக்கும் பழைய முறையை ஆப்பிள் கைவிட்டதுதான் காரணம். 27 அங்குல 4கே மானிட்டர் என்றால் உறுத்தாது.

மின்சாரக் கணக்கு சாதகம். மினி சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 4 வாட், முழு வேலையில் 65 வாட். கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் சராசரியாக 60 வாட் அதிகம் இழுத்தாலே, தினம் எட்டு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 144 யூனிட். அதைவிடப் பெரிய லாபம் கரண்ட் போகும்போது. சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸில் மினியும் மானிட்டரும் நிதானமாக ஃபைலை சேவ் செய்யும்வரை நிற்கும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் போட்ட டெஸ்க்டாப்போ, மலிவான ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் அணைந்து போகக்கூடும். அதற்கு சைன்வேவ் யுபிஎஸ் வேண்டும், அதுவும் ஒரு செலவு.

அச்சகக்காரர்கள் கவனிக்க: தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் மேக்கிலேயே உண்டு. ஆனால் வேலை, இன்றைய மேக்ஓஎஸ்ஸில் ஓடாத பேஜ்மேக்கரில் என்றால் மேக் எந்த வழியில் வந்தாலும் பயனில்லை. விண்டோஸ் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மேக், வாடகை மேக்

செகண்ட்ஸில் வாங்கினால் எம்1 அல்லது எம்2 மினி மட்டும். இன்டெல் மினி 2018 செக்வோயாவோடு நின்றுவிட்டது. ஹேக்கின்டாஷுக்குச் சொன்ன அதே காலக்கெடு அதற்கும் உண்டு. 8 ஜிபி எம்1 படிக்கிற மாணவருக்குப் போதும், வீடியோவுக்குப் போதாது.

மாதம் ஒன்றிரண்டு முறை ஆப் கட்டி ஏற்றுவதுதான் வேலை என்றால், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே கோடு போதும் என்கிற ஃப்ளட்டரில் விண்டோஸ் பெட்டியிலேயே எழுதி, ஆண்ட்ராய்டில் சோதித்து, ஐபோன் பில்டை மட்டும் கோட்மேஜிக், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற ஆன்லைன் சேவைகளின் மேக்கில் ஓட்டலாம். கோடு வைக்கும் ரெப்பாசிட்டரி எல்லோருக்கும் திறந்தது என்றால் கிட்ஹப்பில் இலவசம். மூடியதில், இலவச நிமிடக் கணக்கிலிருந்து மேக் நிமிடம் ஒன்று பத்தாகக் கழியும். அமேசான் கிளவுடில் மேக் எடுத்தால் குறைந்தது 24 மணி நேரத்துக்குக் கட்டணம் விழும், ஒரு மணி நேர வேலைக்கு அது கட்டுபடியாகாது. ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருடம் 99 டாலர் எந்த வழியில் போனாலும் உண்டு.

வாங்கப் போகும்போது

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லை, பஸ்தான். தருமபுரி, ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்கு ரயிலிலேயே போய் வரலாம். புதியதை நேரில் பார்க்க ஹெப்பாலில் 2025 செப்டம்பரில் திறந்த ஆப்பிள் ஸ்டோர் இருக்கிறது. பழைய எம்1ஐ பெங்களூரில் வாங்கினால் ஒரு சோதனையை விடாதீர்கள். விற்பவர் முன்னாலேயே ‘எரேஸ் ஆல் கன்டென்ட்’ கொடுத்து, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதலிலிருந்து செட்டப் செய்யுங்கள். ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்ற திரை வந்தால், அது ஏதோ கம்பெனியின் பட்டியலில் இன்னும் இருக்கும் பெட்டி. அந்தக் கம்பெனி விடுவிக்காத வரை ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அது திரும்ப வரும். நெட் இல்லாமல் செட்டப் செய்து ‘பாருங்க, நல்லா ஓடுது’ என்று காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பில் போடும்போதே தங்கள் எண்ணையும் முகவரியையும் கொடுத்து, மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி பில் கேட்டு வாங்க வேண்டும். கர்நாடக எஸ்ஜிஎஸ்டி போட்டுக் கொடுத்த பில்லை வைத்து இங்கே 18 சதவீத வரியை வரவு வைக்க முடியாது.